வேண்டாம் வகைகள்

ஜூன் 9

ஒரு நோட்டு வாங்கியாயிற்று. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் மெர்சியா சொல்லி வாங்கியது. "சார் டெய்லி என்னென்ன வார்த்தை பேசுறாங்கன்னு எழுதி வைங்க ஆன்ட்டி. அடுத்த மாசம் எடுத்துப் பாத்தா எவ்வளவு முன்னேற்றம்னு நமக்கே தெரியும்" என்றாள். நல்ல பெண். எதையும் சிரித்த முகமாகச் சொல்வாள்.

இன்று என் வீட்டுக்காரர் அலோசியஸ் பேசிய வார்த்தைகள்: வேண்டாம்.

ஜூன் 10

வேண்டாம்.

ஜூன் 11

வேண்டாம். இந்த வேகத்தில் போனால் நோட்டு தீர்வதற்குள் நான் தீர்ந்துவிடுவேன்.

பிப்ரவரியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, கூடவே பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கம்பு ஊன்றிக் கழிப்பறை வரை போகிறார். பேச்சில் மிஞ்சியது இந்த ஒரு வார்த்தைதான். காப்பி குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்பார், கொடுத்தால் குடிப்பார். உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். மூளையில் அந்த ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டுவிட்டதாம். தலையாட்டுவதையும் நம்பக் கூடாது, ஆமாமும் இல்லையும் இடம் மாறி வரும் என்கிறாள் மெர்சியா.

வாய் இருந்த காலத்திலும் இவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. கப்பல் ஏஜென்சியில் லாஞ்ச் டிரைவர். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கிளார்க்குகளைக் கொண்டுபோய் விட்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்தால் வாய்க்கு லீவு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் போதும். இந்த விஷயத்தில் எங்களுக்கு நல்ல பொருத்தம்.

ஜூன் 14

மகன் ரெஜி தோஹாவிலிருந்து போன் செய்தான். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான். மாதா கோவில் திருவிழாவுக்கு வருகிறான். கொடைரோடு பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் இல்லம் ஒன்றில் டாடிக்கு இடம் கேட்டிருக்கிறான். நர்ஸ் உண்டு, பயிற்சி உண்டு, பேச்சுத்துணைக்கு ஆட்கள் உண்டு. அவன் மனைவி ஷைனிக்கு நவம்பரில் இரண்டாவது பிரசவம். நான் தோஹாவுக்குப் போக வேண்டும்.

"நீங்க ஒத்தையில கெடந்து அல்லாடுதீங்க மம்மி. டாடிய தூக்கி நிமிர்த்தி ஒங்க இடுப்பு போயிரும். ஆனா டாடிகிட்ட கேக்காம நான் செய்யமாட்டேன். நேர்ல வந்து கேக்கேன். அவிய சரின்னாத்தான்."

கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். அதைச் சொல்லவில்லை. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மட்டும் சொன்னேன். ஆட்சேபணை இல்லைதான்.

இன்றைய வார்த்தை: மேற்படி.

ஜூன் 17

பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் சாமான் எதற்கு என்று பின்புற ஷெட்டைக் காலி செய்ய ஆரம்பித்தேன். பழைய இரும்புக்காரரை வரச் சொன்னேன். உடைந்த சைக்கிள், தண்ணீர் பம்பு, கட்டில் கால் என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். கடைசியாகச் சாக்கில் சுற்றிக் கிடந்த போட் எஞ்சின். ஒரு காலத்தில் ஏஜென்சி கழித்துக்கட்டிய சீமை எஞ்சின் அது. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுவது. மேலே பித்தளைத் தொட்டியும் கயிறு சுற்றி இழுக்கும் சக்கரமும், நடுவே நீளக் குழாய், அடியில் தண்ணீருக்குள் சுற்றும் விசிறி. இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன வள்ளத்தில் மாட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போவார். வள்ளத்தை விற்றபின் அது ஷெட்டுக்குப் போனது. பல வருடங்களாக அதன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இரும்புக்காரர் அதைத் தூக்கியதும் இவர் நாற்காலியிலிருந்து "வேண்டாம்!" என்றார்.

"அய்யா வேண்டாம்ங்காரு, அக்கா."

"அவிய எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவாவ. நீங்க எடுங்க."

மறுபடி ஒரு வேண்டாம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இவர் கம்பு இல்லாமல் எழுந்திருக்கப் பார்த்துச் சரிந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இரும்புக்காரர் எஞ்சினைக் கீழே வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு, பேரம் கூடப் பேசாமல் போய்விட்டார்.

எஞ்சின் இப்போது பின்வாசலில் கிடக்கிறது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 18

பைக் ஒர்க்‌ஷாப் ஆளைக் கூட்டிவந்து காட்டினேன். உட்கார்ந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "இதுக்கு ஸ்பேர் எந்த ஊர்லயும் கெடைக்காது மேடம். உள்ள பிஸ்டன் இறுகிக் கெடக்கு. பிளக்கு மட்டும் வேணும்னா தாரேன்."

அவர் போனபின் இவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு மத்தியானம் முழுக்க இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிப்ரவரியிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பிளக் வாங்கி வந்தேன். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். திருவிழா வரைக்கும் பொழுது போக வேண்டுமே.

ஜூன் 19

இறுகிப்போனதற்கு எண்ணெய் விட வேண்டும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கதவுக் கீல், பூட்டு, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் நம் வீட்டில் ஒரே மருந்துதான். பழைய பிளக்கைக் கழற்றினேன். அதற்கே என் உயிர் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் துவாரத்தில் சாய்க்கப் போனேன்.

"வேண்டாம்!"

கையை எடுத்துவிட்டேன். நேற்று முன்தினம் இரும்புக்காரருக்குக் கிடைத்த அதே வேண்டாம். குட்டையாக, தாடை மேலே போய், கடைசி எழுத்து பல்லில் நறுக்கென்று முடிகிறது.

பாட்டிலை வைத்துவிட்டு மண்ணெண்ணெய் டின்னைக் காட்டினேன். பேசாமல் இருந்தார். டீசல் வாங்கி வரட்டுமா என்றேன். "வேண்டாம்." இது இழுத்து, கீழே இறங்கி, மூச்சோடு முடிந்தது. சட்டையை மாற்றும்போது கையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே சொல்வாரே, அந்த மாதிரி.

டீசல் வாங்கி வந்து ஊற்றினேன். மறுக்கவில்லை.

ஜூன் 21

பக்கத்துத் தெரு கஸ்பார் அண்ணன் வந்தார். இவரோடு அதே ஏஜென்சியில் இருந்தவர். எஞ்சினையும் என் கையையும் பார்த்துவிட்டு, "ஏ தங்கச்சி, ஒனக்கு என்ன கிறுக்கா? ஓடாத சவத்த வச்சிக்கிட்டு யாரு உயிர வாங்கப் போற?" என்றார்.

"ஒங்க உயிரத்தான். அந்தச் சக்கரத்தப் பிடிச்சுத் திருப்பிப் பாருங்க."

திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. இவர் வேண்டாம் என்றார், மென்மையாக. கஸ்பார் அண்ணன் கையை எடுத்தார்.

"எடுக்காதீங்க. இன்னும் திருப்புங்கன்னு சொல்லுதாவ."

"வேண்டாம்னு சொன்னது எங்காதுல விழுந்திச்சே!"

எனக்கு மட்டும் வேறு மாதிரி விழுகிறது. எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. டிரங்க் காலில் 'சரி, வச்சிர்றேன்' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் வைக்க விரும்புகிறவர்களா என்ன?

ஜூன் 24

சக்கரம் நகர்ந்தது. ஒரு விரல் அளவு. இவருக்குக் காட்டினேன். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. டீசல் நெடியாக இருக்கும்.

ஜூன் 27

பித்தளைத் தொட்டியைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தேன். இதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் களிம்பு போய்ப் பொன்னாக வந்தது. இவர் எதிரில் கொண்டுபோய்ப் பிடித்தேன். தன் முகத்தை அதில் பார்த்தார். கோணிய வாயை இடது கையால் தொட்டார். பிப்ரவரிக்குப் பிறகு வீட்டுக் கண்ணாடியில் இவர் முகம் பார்த்து நான் கண்டதில்லை.

"வேண்டாம்" என்றார். இறங்கு குரல்.

நோட்டில் இன்று முதல் வகை பிரித்து எழுதலாம் என்று இருக்கிறேன். குட்டை வேண்டாம், நெட்டை வேண்டாம். குட்டை என்றால் கூடாது. நெட்டை என்றால் சரி.

ஜூலை 1

கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே பெட்ரோல் காய்ந்து பனங்கற்கண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. ஜெட் என்று ஒரு குட்டித் துண்டு, அதன் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதுவும் அடைப்பு. தையல் ஊசியை எடுத்தேன்.

குட்டை வேண்டாம், இரண்டு.

ஊசி ஆகாதென்றால் வேறு என்ன? இடது கையை நீட்டி மூலையைக் காட்டினார். மூலையில் தண்ணீர்க் குடம் இருந்தது. குடத்தைத் தூக்கினேன், குட்டை. பக்கத்தில் விளக்குமாறு. அதைத் தொட்டேன், நெட்டை. ஓர் ஈர்க்கை உருவிச் சீவிக் குத்தினேன். அழுக்கு வந்தது, ஓட்டை பெரிதாகவில்லை. ஊசியாக இருந்தால் பித்தளையைக் கீறி ஓட்டையைப் பெரிதாக்கியிருக்குமாம். இது அப்புறம் கஸ்பார் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

ஜூலை 3

ரெஜி போன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தீர்களா என்றான். எடுத்தேன். காது இரண்டும் தெரிய வேண்டும் என்று முடியை ஒதுக்கி எடுத்தார்கள். களவாணி மாதிரி இருக்கிறேன்.

ஜூலை 5

பங்குச் சாமியார் நற்கருணையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். இவர் முன்னால் நின்று, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

"வேண்டாம்" என்றார் இவர்.

சாமியாருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. செமினரியில் இதற்கெல்லாம் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள்.

"ஆமென்னுதான் சொல்லுதாவ ஃபாதர். குடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா. வேண்டாம்னு சொல்ற வேண்டாம் வேற."

அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மேலேயும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார். இவர் கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். போகும்போது சாமியார் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சோப்பு போட்டும் போகவில்லை என்றேன்.

ஜூலை 8

சக்கரத்தைக் கழற்ற அந்த ஒர்க்‌ஷாப்புக்கே ஆட்டோவில் கொண்டுபோனேன். இவரும் வருவேன் என்று அடம். பிப்ரவரிக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் போனதில்லை. ஆட்டோ பீச் ரோடு வழியாகப் போனது. இவர் கடலைப் பார்க்கவில்லை, எஞ்சின் ஆடாமல் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஜூலை 10

சக்கரத்துக்கு அடியில் இரண்டு குட்டி உலோகப் பொட்டுகள் தொட்டுத் தொட்டு விலகும். அங்கேதான் மின்சாரம் பிறக்கிறதாம். அதில் துரு. உப்புத்தாளால் தேய்த்தேன். இடைவெளி எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. கேலண்டர் தாளை மடித்துச் செருகினேன், குட்டை. கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகினேன், நெட்டை. ஆக, வெங்கடேசபுரத்து டீச்சர் மகள் கல்யாணம் எஞ்சினுக்கு உபயோகப்பட்டது.

ஜூலை 12

பாஸ்போர்ட் ஆபீசுக்கு இன்று போயிருக்க வேண்டும். விரல் ரேகை எடுப்பார்கள். என் விரலில் ரேகையே தெரியவில்லை, எல்லாம் கிரீஸ். இப்படிப் போனால் மிஷின் ஏற்காது என்று போகவில்லை. ரெஜியிடம் வேறு தேதி வாங்கலாம் என்று சொன்னேன்.

மண்ணெண்ணெயில் கழுவினால் கிரீஸ் போகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. டின்னில் தீர்ந்துவிட்டது.

ஜூலை 15

புதுப் பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுண்டினால் நீலப் பொறி வர வேண்டும். வைத்துச் சுண்டினேன். பிளக்கின் எந்த இடத்தைப் பிடிக்கக் கூடாதோ அந்த இடத்தைப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. தோள் வரைக்கும் ஒரு வெட்டு வெட்டியது. "மாதாவே!" என்று கத்திப் பிளக்கை எறிந்துவிட்டேன்.

இவர் சிரித்தார்.

நோட்டில் வார்த்தைகளை மட்டும்தான் எழுதச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் எழுதுகிறேன். சிரிப்பில் ஒரு கோளாறும் இல்லை. பழைய சிரிப்பேதான். வயிறு குலுங்கி, கடைசியில் இருமலில் போய் முடிகிறது. அந்தச் சத்தத்தை நான் இனி கேட்கப் போவதில்லை என்று நினைத்திருந்தேன். இன்னொரு தடவை ஷாக் வாங்கலாமா என்று கூட யோசித்தேன்.

ஜூலை 16

மெர்சியா நோட்டைப் படித்தாள். சிரித்த முகம் கொஞ்சம் மாறியது. "இதுல சார் பேசுனதவிட நீங்க பேசுனதுதான் ஆன்ட்டி நெறைய இருக்கு" என்றாள். பிறகு, "பரவாயில்ல, எழுதுங்க" என்றாள்.

ஜூலை 21

எஞ்சின் குழாயின் அடியில், விசிறிக்கு மேல் இருக்கும் கியர் பெட்டியின் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வாஷர் மாற்றினேன். இடுப்பு வலி. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஜூலை 26

மாதா கோவில் கொடியேற்றம். நான் போகவில்லை. வீட்டில் டிரம் வந்து இறங்கியது. பெரிய நீலப் பிளாஸ்டிக் டிரம். அதில் தண்ணீர் நிரப்பி, சுவரோரப் பலகையில் எஞ்சினை மாட்டி, விசிறி தண்ணீரில் இருக்கிற மாதிரி வைத்தோம். வைத்தோம் என்றால் கஸ்பார் அண்ணன் வைத்தார், இவர் வேண்டாம் வேண்டாம் என்றார், நான் மொழிபெயர்த்தேன்.

கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்தேன். ஒன்றும் இல்லை. கயிற்றைத் திருப்பிச் சுற்றியிருக்கிறேன் என்று நாலைந்து குட்டைகளுக்குப் பிறகு புரிந்தது. சரியாகச் சுற்றி இழுத்தேன். ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. கஸ்பார் அண்ணன் கொடியேற்றம் பார்க்கப் போகிற அவசரத்தில் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 1

ரெஜி வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்பா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே வேண்டாம் வேண்டாம் என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பின்வாசலுக்கு வந்து டிரம்மையும் எஞ்சினையும் பார்த்தவன், "மம்மி, இது என்ன கோலம்?" என்றான்.

ஆகஸ்ட் 3

எஞ்சின் ஓடியது.

பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினேன். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டர் பொத்தானைப் பெட்ரோல் சொட்டும் வரை அமுக்கினேன். சோக்கை மூடப் போனேன், நெட்டை. கயிற்றை இழுத்தேன். மூன்றாவதோ நான்காவதோ இழுப்பில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! என்ன புகை! டிரம் தண்ணீர் பொங்கிச் சுவர் வரைக்கும் அடித்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ திட்டினார்கள். ரெஜி சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான். இவர் குதிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் குரல் இளைத்து நின்றுபோனது. மறுபடி இழுத்தேன், ஓடியது, நின்றது. ரெஜி, "பெட்ரோல் வரல போல" என்று கார்புரேட்டரைக் கழற்றப் போனான்.

"வேண்டாம்!"

"அத தொடாதங்காவ" என்றேன்.

நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பிளக், குட்டை. குழாய், குட்டை. தொட்டி மூடி, நெட்டை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் காற்றுப் போக ஒரு பொடித் துவாரம். அது நிறையப் புளி. அன்றைக்குத் தேய்த்த புளி காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும். ஈர்க்கால் குத்தி எடுத்தேன். அதன்பின் ஓடிற்று, ஓடிற்று, நாங்களே நிறுத்தும் வரை ஓடிற்று.

ரெஜி என்னையே பார்த்தான். "மம்மி, டாடி சொல்லுதது ஒங்களுக்கு நெசமாவே வெளங்குதா?"

"வெளங்குது."

"அப்ப நான் கேக்கதுக்கும் பதில் தெரிஞ்சிரும்." அவன் முகத்தில் ஒரு நிம்மதி. நான் துணியை எடுத்து, துடைத்த தொட்டியையே மறுபடி துடைத்தேன்.

ஆகஸ்ட் 5

பெருவிழா. கூட்டம். இவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனான் ரெஜி. நான் வீட்டில் பிரியாணி செய்தேன். உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 7

இன்று கேட்டான்.

காலை சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். நான் சமையலறை வாசலில் நின்றேன். ஒளித்து மறைத்துப் பேசவில்லை. இல்லத்தின் போட்டோக்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினான். தோட்டம், கட்டில், நடைப் பயிற்சிக் கம்பி. ஷைனியின் நிலைமையைச் சொன்னான். மம்மியின் இடுப்பைச் சொன்னான். "இது ஒங்கள தள்ளி விடுதது இல்ல டாடி. வருசத்துக்கு ரெண்டு தடவ மம்மியக் கூட்டிட்டு வாரேன். ஒங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இந்தப் பேச்சே இல்ல. போறீங்களா?"

என் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். இதைவிட நியாயமாக ஒருவன் கேட்க முடியாது.

இவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் முகம், கை, இடுப்பு, திரும்ப முகம்.

"வேண்டாம்" என்றார்.

இழுத்து, கீழே இறங்கி, மூச்சோடு முடிந்தது. டீசலுக்குச் சொன்னது, பித்தளைக்குச் சொன்னது, திருவுடலுக்குச் சொன்னது. இதில் சந்தேகமே கிடையாது.

ரெஜி என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்லுதாவ மம்மி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னைப் பிளேனில் ஏற்றி அனுப்ப இவர் யார்? பெரிய தியாகி. போய் ஊர் தெரியாத ஊரில் கட்டிலில் கிடந்து வேண்டாம் வேண்டாம் என்பார். அங்கே இருக்கிற சிஸ்டர் பாவம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். யாருக்கு என்ன தெரியும்?

"போகமாட்டேங்காவ" என்றேன்.

"வேண்டாம்!"

கம்பு கீழே விழுந்தது. குட்டை. இதுவரை வந்ததிலேயே பெரிய குட்டை. இடது கையால் என்னைக் காட்டிக் காட்டி, வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்றார். நான் சொன்னது பொய் என்று எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

ரெஜி பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சரி டாடி, சரி, சரி. அனுப்ப மாட்டேன். இப்ப எனக்கே நல்லா வெளங்குது. நீங்க டென்சன் ஆவாதீங்க." அவன் அழுதான். இவர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பிற்பகலில் இல்லத்துக்குப் போன் செய்து இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பிரசவத்துக்கு ஷைனியின் அம்மாவை வரச் சொல்லலாம் என்றான். எனக்கு உதவிக்கு ஓர் ஆள் போடுவதாகச் சொன்னான். நான் சரி என்றேன்.

இனி இந்த நோட்டை மெர்சியாவிடம் காட்ட முடியாது. அவளுக்கு வேறு ஒன்று வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 9

ரெஜி கிளம்பிப் போனான்.

இவர் இரண்டு நாளாக ஒரு வேண்டாம் கூடச் சொல்லவில்லை. குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. சோறு கொடுத்தால் சாப்பிடுகிறார். என்னைப் பார்ப்பதில்லை. எனக்கும் வீம்பு உண்டு, நானும் பேசவில்லை.

ஆகஸ்ட் 10

கஸ்பார் அண்ணன் எஞ்சினைப் பார்க்க வந்தார். ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஒருவர் விலைக்குக் கேட்கிறாராம். இவரிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார். இவர் சுவரைப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார் கஸ்பார் அண்ணன்.

ஆகஸ்ட் 11

பகல் முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இவர் முன்னால் உட்கார்ந்தேன், ரெஜி உட்கார்ந்த அதே மாதிரி.

"பொய்தான் சொன்னேன்" என்றேன். "நீங்க சரின்னுதான் சொன்னீங்க. எனக்கு நல்லா வெளங்கிச்சு. வெளங்கித்தான் மாத்திச் சொன்னேன். எனக்கு நீங்க வேணும். பேரப்பிள்ளையப் பொறவு பாத்துக்கிடலாம். இப்ப என்ன செய்யப் போறீங்க?"

இவர் கம்பின் பிடியை இடது கையால் திருப்பிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடத்தில் இப்படியொரு வாக்கியத்தை நான் இவரிடம் சொன்னதில்லை. சொன்னபின் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை மறைக்கப் போனை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க. மகனுக்குப் போட்டுத் தாரேன். ஒங்கம்மா பொய் சொல்லிட்டா, என்னக் கொண்டுபோய் விடுன்னு நீங்களே சொல்லுங்க. போடட்டுமா?"

போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் கோணலாக ஒரு பக்கம் ஏறியது.

"வேண்டாம்" என்றார்.

மெதுவாக, இழுத்து, மூச்சோடு. நெட்டை. என் கணக்குப்படி அதற்கு 'போடு' என்று அர்த்தம்.

போனை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். இந்த ஒரு தடவை அகராதியில் இருக்கிற அர்த்தத்தையே எடுத்துக்கொண்டேன்.